சம்பளமும் சீதன வீடும் இருந்தால் தாபரிப்பு கிடைக்காதா?

மட்டக்களப்பின் களுவாஞ்சிக்குடிப் பக்கத்து ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். கணவர் கட்டாருக்குப் போய் ஆறு வருடம். கடைசி மூன்று வருடமாகக் காசும் இல்லை, கதையும் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேர், இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். விவாகரத்து வழக்குப் போட யோசிக்கிறார். ஆனால் மாமி தொடக்கம் பக்கத்து வீட்டார் வரை எல்லோரும் ஒரே பாட்டுத்தான்: "உனக்கு அரசாங்கச் சம்பளம் வருது, அம்மா எழுதித் தந்த வீடும் இருக்கு. பிறகு எந்தக் கோடு உனக்குத் தாபரிப்புத் தரும்?" போதாக்குறைக்கு, "அவன்தான் உன்னட்டக் கேப்பான்" என்றும் வெருட்டியிருக்கிறார்கள்.

தங்கச்சி, உங்களிடம் சம்பளமும் வீடும் இருப்பதால் தாபரிப்பு, அதாவது பராமரிப்புச் செலவு, கேட்கும் உங்கள் உரிமை அழிந்துபோகாது. ஆனால் எந்த நீதிமன்றத்தில், யாருக்காக, என்ன வடிவத்தில் கேட்கிறீர்கள் என்பதை அது மாற்றும். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் "எனக்கு ஒண்டும் வேணாம், விட்டாப் போதும்" என்று கையெழுத்து வைத்துவிட்டுப் பிறகு அழுத பெண்களை எங்கள் பகுதியில் நிறையக் கண்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் "தாபரிப்பு வழக்கு" என்று ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு வேறு பாதைகள். ஒன்று நீதவான் நீதிமன்றத்தில், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் போடுவது. அதற்கு விவாகரத்து வழக்கே தேவையில்லை. கணவன் மனைவியாக இருக்கும்போதே போடலாம். மற்றது மாவட்ட நீதிமன்றத்தில், விவாகரத்து வழக்கோடு சேர்த்துக் கேட்பது. இது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 614ஆம், 615ஆம் பிரிவுகளின்படி நடக்கும். உங்கள் சம்பளம் இந்த இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிப் பார்க்கப்படாது. ஊரார் சொல்வது பாதி உண்மையாகவும் பாதி பிழையாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

நீதவான் நீதிமன்றத்தை முதலில் எடுப்போம். 1889ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டத்தில் தாபரிக்கும் கடமை கணவனுக்கு மட்டுமே இருந்தது. தன்னைத் தானே பராமரிக்க இயலாதவர் என்ற நிபந்தனை அதில் பிள்ளைக்குத்தான் போடப்பட்டிருந்தது, மனைவிக்கு இல்லை. 1999இல் வந்த சட்டம் இரண்டையும் மாற்றியது. "மனைவி" என்ற இடத்தில் "வாழ்க்கைத் துணை" வந்தது. அதோடு, கேட்கிறவர் தன்னைத் தானே பராமரிக்க இயலாதவராக இருக்க வேண்டும் என்பதும் வந்தது. ஆகவே இன்று நீதவான் மூன்று விடயம் பார்ப்பார்: எதிராளிக்குப் போதிய வசதி இருக்கிறதா, அவர் பராமரிக்காமல் விட்டாரா அல்லது நியாயமில்லாமல் மறுத்தாரா, கேட்கிறவருக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ள இயலுமா. தொகையை நிர்ணயிக்கும்போது எதிராளியின் வருமானத்தையும் கேட்கிறவரின் வசதியையும் சூழ்நிலையையும் சேர்த்து எடைபோடுவார்.

இந்த அளவுகோலில், நிரந்தர நியமனமுள்ள ஆசிரியை ஒருவர் தனக்கென்று மாதாந்தத் தாபரிப்புக் கேட்பது பலவீனமான வழக்கு. இதை உங்களுக்கு மறைப்பதில் பயனில்லை. மாமி சொன்னதில் உண்மை இவ்வளவுதான்.

ஆனால் பிள்ளைகளின் தாபரிப்பு வேறு கணக்கு. தாய் சம்பாதிக்கிறாள் என்பதற்காகத் தகப்பனின் கடமை நீங்கிவிடாது. பிள்ளைக்கான தொகையை நிர்ணயிக்கும்போது தாய் தகப்பன் இருவரின் வருமானத்தையும் பிள்ளையின் தேவையையும் பார்ப்பார்கள். அதாவது உங்கள் சம்பளம் கணக்கில் வரும், ஆனால் பங்கைப் பிரிப்பதற்காக வரும்; அவரை விடுவிப்பதற்காக அல்ல. பதினெட்டைத் தாண்டிய பிள்ளையும், தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாத நிலையில் இருந்தால், 25 வயது வரை கேட்க இடமிருக்கிறது. பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளின் தாய்மார் பலருக்கு இது தெரியாது. விவாகரத்து வழக்கு முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நாளைக்கே பிள்ளைகளுக்காக விண்ணப்பிக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கணவன் மனைவி இருவரும் ஒத்துக்கொண்டு பிரிந்து வாழ்கிறார்கள் என்றால் வாழ்க்கைத் துணைக்கான தாபரிப்புக் கட்டளை கிடைக்காது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பொலிஸ் நிலையத்திலோ கோயில் தலைவர் வீட்டிலோ பிரச்சினை பேசி முடிக்கும்போது, "நாங்கள் இருவரும் விரும்பிப் பிரிகிறோம்" என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்குவது எங்கள் பகுதியில் வழக்கமாகிவிட்டது. நல்ல மனத்தோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் சம்பளமில்லாத ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு வரி பெரும் தடையாக வந்து நிற்கும். நீங்கள் அப்படி எதிலும் கையெழுத்து வைத்திருந்தால் சட்டத்தரணியிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். வைக்கவில்லை என்றால் வைக்காதீர்கள்.

இனி மாவட்ட நீதிமன்றம். உங்கள் வழக்கின் கனமான பகுதி இங்கேதான். இலங்கையின் பொதுச் சட்டத்தில் "ஒத்துவரவில்லை" என்பதற்காக விவாகரத்துக் கிடைக்காது. பிறர்மனை சேர்க்கை, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், திருமண வேளையிலேயே இருந்த குணப்படுத்த முடியாத ஆண்மைக்குறைவு ஆகியவைதான் அடிப்படைக் காரணங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கைவிட்டுப் போனார் என்பதுதான் உங்கள் காரணமாக இருக்கும். யாரில் பிழை என்பதில் வழக்கே நிற்பதால், காசு பற்றிய பேச்சிலும் அதன் நிழல் விழும்.

தீர்ப்பு வழங்கும்போது 615ஆம் பிரிவு நீதிபதிக்கு அகலமான அதிகாரம் தருகிறது. ஒரு துணையின் நன்மைக்காகவோ, பிள்ளைகளின் நன்மைக்காகவோ, இருவருக்குமாகவோ மற்றத் துணை மீது கட்டளை இடலாம். மாதாமாதம் அல்லது வருடாவருடம் ஒரு தொகை கட்டச் சொல்லலாம். ஒரே தடவையில் மொத்தத் தொகை கொடுக்கச் சொல்லலாம். அவருக்கு உரித்தான சொத்தை அல்லது அதில் ஒரு பகுதியை எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். அந்தப் பணத்துக்குப் பிணையாக அவருடைய அசையாச் சொத்தை ஈடு வைக்கவும் சொல்லலாம். "தன்னைப் பராமரிக்க இயலாதவர்" என்ற வாசற்படி இங்கே இல்லை. நீதிமன்றத்துக்கு எது நியாயமாகத் தோன்றுகிறதோ அதுதான் அளவு. எனவே சம்பளம் வாங்கும் மனைவிக்கும் கதவு திறந்திருக்கிறது. அவருடைய வசதி பெரிது, உங்களுடையது சிறிது, பிள்ளைகளின் பாரம் முழுவதும் உங்கள் தலையில் என்று காட்டினால் அந்த இடைவெளி கணக்கில் வரும்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும் காலத்துக்கு 614ஆம் பிரிவின்கீழ் இடைக்காலத் தாபரிப்பும், அதோடு வழக்குச் செலவும் கேட்பது வழக்கம். விவாகரத்து வழக்குகள் எங்கள் நீதிமன்றங்களில் எவ்வளவு இழுபடும் என்பது உங்களுக்கே தெரியும். தீர்ப்பு வந்த பிறகும் அது முற்றாக உறுதியாக ஆகக் குறைந்தது மூன்று மாதம் வேண்டும். இடைக்காலக் கோரிக்கையை விட்டுவிட்டு வழக்குப் போடுவது நல்ல யோசனையல்ல.

இனி வீடு. மட்டக்களப்பில் இது இல்லாத விவாகரத்தே இல்லை. எங்களிடம் பெண்பிள்ளைக்குத்தான் வீடு; மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து இருப்பார். பெரும்பாலும் தாய் தகப்பன் தங்கள் சீவிய உருத்தை (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு மகளின் பெயருக்கு நன்கொடை உறுதி எழுதியிருப்பார்கள். முன்னொரு காலத்தில் இதற்கெல்லாம் முக்குவர் சட்டம் என்று தனியாக இருந்தது. இப்போது கிழக்குத் தமிழருக்குப் பொதுச் சட்டம்தான். அந்தச் சட்டத்தில் கணவன் சொத்துக் கணவனுக்கு, மனைவி சொத்து மனைவிக்கு. சீதன வீட்டில் பாதி தா என்று அவர் கேட்க முடியாது.

யாழ்ப்பாணத்துச் சிநேகிதி யாராவது "தேடியதேட்டத்தில் (திருமணத்தின் பின் தேடிய சொத்தில்) உனக்குப் பாதி உண்டு" என்று சொல்லியிருந்தால், அது வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கான விதி. உங்கள் கணவர் யாழ்ப்பாணத்தவராக இருந்தால் மட்டும் அதைச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள், ஏனென்றால் அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட ஆணை மணந்த பெண்ணும் அந்த மணவாழ்வு நிலைக்கும்வரை அதற்குள் வருகிறாள். அதேபோலக் கனடாவில் இருக்கும் உறவினர்கள், திருமண காலத்தில் பெருகிய சொத்தைச் சமப்படுத்தும் ஒன்டாரியோ நடைமுறையைப் பார்த்துவிட்டுப் "பாதி பாதி" என்று பேசுவார்கள். இங்கே அப்படி ஒரு விதி இல்லை. இல்லாதபடியால்தான் 615ஆம் பிரிவு எங்கள் பெண்களுக்கு இவ்வளவு முக்கியமாகிறது. கணவர் பெயரில் உள்ள சொத்தில் கைவைக்க, விவாகரத்து வழக்கில் அதுதான் வழி.

சரி, வீடு இருப்பது தாபரிப்பைக் குறைக்குமா? வீடு வருமானமல்ல. அதைத் தின்ன முடியாது, பிள்ளையின் ரியூசன் காசாக மாற்ற முடியாது, சீவிய உருத்து இருந்தால் விற்கவும் முடியாது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி "இவருக்கு மாடி வீடு இருக்கிறது" என்று கட்டாயம் சொல்வார். அதற்குப் பதில் வாடகைச் செலவு மட்டும் எனக்கு இல்லை என்பதுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டிருந்தால் அது வருமானம். அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் மேல்மாடி கட்டினீர்கள் என்றால், அந்தச் செலவை அவர் வழக்கில் இழுப்பார். சீமெந்து, கம்பி, மேசன் கூலி என்று யார் எவ்வளவு கொடுத்தது என்பதற்குத் துண்டு இருந்தால் எடுத்து வையுங்கள். உங்கள் தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டிய பங்கு இருந்தால் அந்த அடகுச் சீட்டும் வேண்டும்.

அடுத்தது அவருடைய பக்கம். எல்லாத் தாபரிப்பு வழக்குகளும் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் அவரின் வருமானத்தைக் காட்டுகிற பாரம் கேட்கிறவரின் தோளில் விழுகிறது. "அவர் நல்லா உழைக்கிறார்" என்று கூண்டில் நின்று சொன்னால் போதாது. வெளிநாட்டில் இருப்பவர் என்றால், நல்ல காலத்தில் அவர் அனுப்பிய காசு வந்த வங்கிக் கணக்கின் கூற்று, வேலை ஒப்பந்தத்தின் பிரதி, விசாவில் உள்ள தொழில், வட்ஸ்அப்பில் அவரே எழுதிய சம்பள விபரம், இவை எல்லாம் உதவும். வங்கி வழியாக அல்லாமல் உண்டியலில் வந்த காசுக்குப் பதிவு இருக்காது; ஆனால் "இண்டைக்கு எழுபதாயிரம் கிடைக்கும்" என்ற குரல் பதிவு இருந்தால் அழிக்காதீர்கள். போன் மாற்றும்போது முதலில் தொலைவது இவைதான்.

அவருக்கு வயலும் இருந்தால், அந்த வருமானத்தைக் காட்டுவது கொஞ்சம் நுட்பமானது. அம்பாறைப் பக்கம் சேனாநாயக்க சமுத்திரத் தண்ணீர் பாயும் வயல் என்றால் பெரும்போகம் சிறுபோகம் இரண்டும் விளையும். படுவான்கரையில் மானாவாரி வயல் பெரும்போகம் மட்டும்தான், அதுவும் மழையைப் பொறுத்தது. ஒரே நாலு ஏக்கருக்கு இரண்டு இடத்திலும் ஒரே வருமானம் சொன்னால் நீதிபதி உங்களை நம்பமாட்டார். எந்தக் கண்டம், எந்த வாய்க்கால், சொந்தச் செய்கையா குத்தகையா என்று சரியாகச் சொல்லுங்கள். யார் எத்தனை ஏக்கர் செய்கிறார் என்பது கமநல சேவை நிலையத்தில் உரமானியத்துக்காகப் பதிவாகியிருக்கும். காணி யார் பெயரில் என்பதைக் காணிப் பதிவகத்தில் பார்க்கலாம். ஒரு சிக்கல் சொல்ல வேண்டும்: குடியேற்றத் திட்டக் காணி அனுமதிப்பத்திரத்தில் உள்ளதென்றால் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. அந்தக் காணியை எழுதித் தரச் சொல்லிக் கேட்பதைவிட, அதிலிருந்து வரும் விளைச்சலை வருமானமாகக் காட்டி மொத்தத் தொகை கேட்பது நடக்கக்கூடிய காரியம்.

"எனக்கு இப்ப வேலை இல்லை" என்பது அடிக்கடி வரும் பதில். திடகாத்திரமான, தொழில் தெரிந்த ஒருவர் வழக்குத் தொடங்கிய மாதத்தில் வேலையை விட்டால் நீதிமன்றம் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவருக்கு உழைக்க இயலுமா என்பதும் பார்க்கப்படும். அதேபோல, சம்பளச் சிட்டையில் கழிவுகளுக்குப் பிறகு கையில் வரும் தொகையை மட்டும் காட்டி "இவ்வளவுதான் மிஞ்சுது" என்பார்கள். அந்தக் கழிவுகள் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். மோட்டார் சைக்கிள் லீசிங் பிள்ளையின் சாப்பாட்டை முந்தக்கூடாது. தனியார் கம்பனி ஊழியர் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டிய தொகையிலிருந்தே உண்மைச் சம்பளத்தைக் கணக்கிடலாம். தொழிலாளியின் பங்கு 8 வீதம், தொழில் கொள்வோரின் பங்கு 12 வீதம்.

இதே கேள்வி உங்களிடமும் கேட்கப்படும், தங்கச்சி. அவரை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக் காசுக்காக நீங்கள் அரச ஊழியருக்கான இடர்கடன் எடுத்து, இன்னும் சம்பளத்தில் வெட்டுப்படுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது உங்கள் வழக்கில் மிகப் பலமான ஆவணம். கடன் எடுத்த திகதியையும் அவர் விமானம் ஏறிய திகதியையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அவருடைய உழைப்புக்கு முதல் போட்டது உங்கள் சம்பளம் என்பது அப்போது தெளிவாகும். மொத்தத் தொகை கேட்கும்போது அந்தக் கடனின் மிச்சத்தைத் தனி வரியாகவே கேளுங்கள். நுண்கடன் குழுக்களில் கையெழுத்து வைத்துக் காசைக் கணவன் கையில் கொடுத்த பெண்களுக்கும் இதையே சொல்வேன். கடன் உங்கள் பெயரில் இருக்கலாம், ஆனால் காசு எங்கே போனது என்பதைச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

தம்பியின் பெயரில் காணி வாங்கியிருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். வேறொருவர் பெயரில் உள்ள காணியை 615இன்கீழ் நேராக எழுதி வாங்க முடியாது. ஆனால் தம்பிக்கு அந்தக் காணி வாங்கும் வருமானம் இல்லை, அந்த மாதம் அண்ணன் அனுப்பிய காசு இவ்வளவு என்று காட்டினால், அவரின் உண்மையான வசதி எவ்வளவு என்பதற்கு அது சாட்சியாகும். அவர் பெயரிலேயே மிஞ்சியிருக்கும் வயலை விற்கப் பார்க்கிறார் என்று தெரிந்தால் தாமதிக்காமல் தடைக்கட்டளை கேளுங்கள். விற்ற பிறகு நாங்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு. வெளிநாட்டில் இருப்பவரிடம் மாதாமாதம் கறப்பது கடினம் என்பதால், உங்கள் நிலையில் நானாக இருந்தால் மாதத் தொகையை நம்பியிருக்கமாட்டேன். மொத்தத் தொகையும், அதற்குப் பிணையாக அந்த வயலும் கேட்பேன். நாட்டுக்குள்ளே அரச சம்பளம் எடுப்பவர் என்றால் கதை வேறு. சம்பளத்திலிருந்தே கழித்து அனுப்பச் செய்ய வழி இருக்கிறது. கட்டாமல் விட்டால் சிறைத் தண்டனையும் உண்டு. கணவர் அரச உத்தியோகத்தராக உள்ள பெண்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: விவாகரத்தான பிறகு நீங்கள் அவரின் விதவை அல்ல, விதவைகள் ஓய்வூதியம் உங்களுக்கு வராது. மொத்தத் தொகை பேசும்போது அந்த இழப்பையும் மேசையில் வையுங்கள்.

அவர் உங்களிடம் தாபரிப்புக் கேட்க முடியுமா? சட்டத்தில் முடியும், துணை என்ற சொல்லுக்குள் கணவனும் அடக்கம். நோயில் விழுந்த கணவன், உழைக்கும் மனைவியிடம் கேட்பது நியாயமும்கூட. ஆனால் உழைக்கக்கூடிய உடம்போடு, பிள்ளைகளை மூன்று வருடம் திரும்பிப் பார்க்காத ஒருவர் தன்னால் தன்னைப் பராமரிக்க இயலாது என்று நிறுவ வேண்டும். அந்த வெருட்டுக்குப் பயந்து வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்துச் சகோதரிகள் இதை வாசித்தால்: முஸ்லிம் திருமணத்துக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமும் காதி நீதிமன்றமும்தான். மேலே சொன்ன 615ஆம் பிரிவு உங்களுக்குப் பொருந்தாது. இத்தாக் காலத் (விவாகரத்துக்குப் பின் பெண் காத்திருக்கும் காலத்துக்கான) தாபரிப்பு, பாக்கி மஹர் (கணவன் கொடுக்க வேண்டிய மணக்கொடை), மாப்பிள்ளைக்குக் கொடுத்த கைக்கூலிப் பணம், பிள்ளைச் செலவு என்று அங்கே கேட்கும் தலைப்புகள் வேறு. ஆவணம் சேர்ப்பது பற்றி நான் சொன்னவை மட்டும் அப்படியே பொருந்தும்.

கட்டணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்காடும். உங்கள் சம்பளத்துக்கு அது கிடைக்காமல் போகலாம், ஆனால் ஆலோசனை கேட்கப் போவதில் தடையில்லை. போகும்போது விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வீட்டு உறுதி, கடைசிச் சம்பளச் சிட்டைகள், கடன் கடிதம், வங்கிக் கூற்றுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டுபோங்கள். பிள்ளைகளின் மாதச் செலவை ரியூசன், வான், சப்பாத்து, மருந்து என்று ஒரு கொப்பியில் இன்றிலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.

கடைசியாக, வழக்கு நடக்கும்போது அவருடைய வீட்டார் சமாதானம் பேச வருவார்கள். பேசலாம், அதில் வெட்கமில்லை. எவ்வளவு, எப்போது, எந்த வங்கிக் கணக்குக்கு என்று பேசி முடித்ததைச் சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தில் பதிந்து, தீர்ப்பின் பகுதியாக்குங்கள். பிறகு பிள்ளைகள் வளர்ந்து செலவு கூடினால் அந்தக் கட்டளையை உயர்த்தித் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்க 615ஆம் பிரிவே இடம் தருகிறது. வீட்டில் வைத்து எழுதிய ஒப்பந்தத்துக்கு அந்தப் பலம் இல்லை. பிள்ளைகளின் தாபரிப்பு வேண்டாம் என்று ஒரு வரி அதில் இருந்தால், எவ்வளவு சீக்கிரம் விவாகரத்துத் தருவதாகச் சொன்னாலும், அந்த வரியை வெட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.